பெயரடைகளில் அடங்காத சுபாவம்

2015இல் கூகுள் ஆய்வாளர்கள் ஓரியால் வின்யால்ஸும் குவாக் லேயும் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒரு சிறு உரையாடல் வருகிறது. கோடிக்கணக்கான திரைப்பட வசனங்களைப் படித்துப் பேசப் பழகிய நிரலிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறார்கள், வக்கீல் என்கிறது. அதே கேள்வியை வார்த்தை மாற்றிக் கேட்டதும் டாக்டர் என்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு பதிலிலும் குற்றம் காண முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே பேசுவது ஓர் ஆள் இல்லை என்பது தெரிகிறது. சீரான ஆளுமை இல்லாதது தங்கள் நிரலின் பெருங்குறை என்று ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள். ஆயிரமாயிரம் பாத்திரங்கள் பேசியதைக் கற்ற நிரலுக்கு, இவர்களில் தான் யார் என்று தெரிய வழியே இருக்கவில்லை. இன்றைய சாட்பாட்கள் இப்படி அப்பட்டமாக மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் அவற்றைத் தினமும் புழங்குகிறவர்களின் புகார் மாறவில்லை: காலையில் கறாராகப் பேசிய பாட் மாலையில் குழைகிறது, ஒரு திட்டத்தைக் குறைசொன்ன அதே பாட், கேட்பவர் சற்று முகம் சுளித்ததும் அதைப் பிரமாதம் என்கிறது.

இதற்கு மருந்தாகலாம் என்று தோன்றும்படி ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூலையில் சாட்ஜிபிடியில் 'கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' வசதியைத் தந்தது. அப்போது இரண்டு பெட்டிகள்: உங்களைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும், பதில்கள் எப்படி இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1,500 எழுத்துக்குறிகள்வரை எழுத முடிந்தது. ஒருமுறை எழுதிவிட்டால் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு உரையாடலுக்கும் அது பொருந்தும். இப்போது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் பாட்களிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கை தானாக எழுதுவது பெயரடைகளைத்தான்: அன்பான, அறிவார்ந்த, நகைச்சுவை உணர்வுள்ள, நேர்மையான, பொறுமையான. அந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஒரு சுபாவம் உருவாகாது என்பது என் வாதம். எந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதினால் ஓரளவுக்கு உருவாகும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பேசும் நிரலையும் அதன் சுபாவத்தையும் பிரித்து வைப்பது பழைய யோசனைதான். எம்ஐடியின் ஜோசஃப் வைசன்பாம் 1966இல் அறிமுகப்படுத்திய எலிசா, வெறும் பொறி. அதற்குள் எந்தத் திரைக்கதையை ஏற்றுகிறோமோ அதன்படி அது பேசும். அவற்றில் புகழ்பெற்ற திரைக்கதை 'டாக்டர்', ஒரு மனநல மருத்துவர். வைசன்பாம் அந்தப் பாத்திரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் சாமர்த்தியமானது. உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்போல, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டாலும் விநோதமாகத் தோன்றாத மிகச் சிலரில் மனநல மருத்துவரும் ஒருவர். ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவராக இருந்த கென்னத் கோல்பி 1972 வாக்கில் உருவாக்கிய, நோயாளியாகப் பேசும் நிரலான பாரி இன்னும் சுவாரசியமானது. அதற்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு உண்டு: 28 வயது, மணமாகாதவர், தபால் அலுவலக எழுத்தர், குதிரைப் பந்தயத் தரகர் ஒருவருடன் தகராறு, மாஃபியா தன்னைத் துரத்துகிறது என்ற பயம். ஆனால் பாரி ஓர் ஆளாகத் தெரிந்தது இந்தக் குறிப்பால் அன்று. பயம், கோபம், அவநம்பிக்கை என மூன்று அளவுகளை கோல்பி நிரலுக்குள் வைத்திருந்தார். எதிரில் இருப்பவர் எதைத் தொடுகிறார் என்பதைப் பொறுத்து அவை ஏறும், இறங்கும். பந்தயம் என்ற பேச்சு வந்தால் பாரி உஷாராகும். அதன் மனநிலையைச் சந்தேகித்தால் சீறும். பாரியுடனான உரையாடல் பதிவுகளையும் உண்மையான நோயாளிகளுடையதையும் கலந்து கொடுத்தபோது மனநல மருத்துவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஆய்வுலகம் வாழ்க்கைக் குறிப்பையே மறுபடி பிடித்துக்கொண்டது. ஃபேஸ்புக்கின் ஆய்வுக்குழு 2018இல் வெளியிட்ட பெர்சோனா-சாட் தொகுப்பில் 1,155 கற்பனை மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஐந்து வாக்கியங்களில் சுயவிவரம். நாய் வளர்க்கிறேன், இன்ன பாட்டு பிடிக்கும் என்கிற ரகம். வக்கீலா டாக்டரா என்ற குழப்பத்தைத் தீர்க்க இது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் தகவலில் முரண்படாமல் இருப்பது வேறு, சுபாவத்தில் முரண்படாமல் இருப்பது வேறு. தன் நாயின் பெயரை நூறுமுறையும் சரியாகச் சொல்லும் ஒருவர், அழுத்தம் வந்தால் எந்தப் பக்கமும் சாய்பவராக இருக்கலாம்.

மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சியே இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் ஆளுமை அளவீடு பற்றி எழுதிய நூல் துறையையே கலக்கியது. நேர்மையானவர், கூச்ச சுபாவி என்றெல்லாம் ஒருவரை வகைப்படுத்திவிட்டு, ஒரு குறிப்பிட்ட சூழலில் அவர் எப்படி நடப்பார் என்று கணித்தால், இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு 0.3ஐத் தாண்டுவது அரிது என்று அவர் காட்டினார். அப்படியானால் ஆளுமை என்பதே பிரமையா? பல ஆண்டு சர்ச்சைக்குப் பின் மிஷெலும் யூய்ச்சி ஷோடாவும் 1990களில் வேறொரு விடைக்கு வந்தார்கள். ஒரு கோடைக்கால முகாமில் குழந்தைகளை வாரக்கணக்கில் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு அது. சராசரியாக ஒரே அளவு முரட்டுத்தனம் உள்ள இரு குழந்தைகளில் ஒன்று, சக குழந்தைகள் சீண்டினால் மட்டும் பாயும். பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடும். மற்றது நேர்மாறு. 'முரடு' என்ற ஒரே சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இன்னது நேர்ந்தால் இப்படி என்ற வரைவோ ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக இருக்கிறது, நாள் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. சீர்மை இருப்பது அந்த வரைவில்தான்.

இன்றைய பாட்களை இயக்கும் மொழி மாதிரிகளுக்கு இந்த விடை மனிதர்களைவிட அதிகமாகவே பொருந்தும். அவை வேலை செய்யும் விதம் அப்படி. நாம் எழுதிவைக்கும் குறிப்பு மாதிரியின் மூளைக்குள் எங்கோ பொறிக்கப்படுவதில்லை. உரையாடலின் தலைமாட்டில் அது ஒரு பத்தியாக வைக்கப்படுகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மாதிரி அந்தப் பத்தியையும் அதுவரை நடந்த பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன வரக்கூடும் என்று கணிக்கிறது. மரே ஷானஹனும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பாத்திரமேற்றல் என்று விளக்கியது. மாதிரி முன்கூட்டியே ஒரு பாத்திரத்தை முடிவுசெய்துகொண்டு நடிப்பதில்லை. இதுவரை பேசியதோடு பொருந்தக்கூடிய பல பாத்திரங்கள் ஒரே நேரத்தில் சாத்தியமாக இருக்கின்றன, பேச்சு நீள நீளச் சில உதிர்கின்றன. இந்தக் கோணத்தில் பார்த்தால் 'நகைச்சுவை உணர்வுள்ள' என்ற பெயரடை எவ்வளவு குறைவாகச் சலிக்கிறது என்பது புரியும். அந்த அடைமொழிக்குப் பொருந்தும் பாத்திரங்கள் கோடி. ஆகவே எல்லோருக்கும் பொதுவான, தேய்ந்த நகைச்சுவை வருகிறது: பத்திக்கொரு சிலேடை, வரிக்கொரு ஆச்சரியக்குறி. எப்போது என்று சொல்லாததால் எப்போதும் வருகிறது. தந்தை இறந்த செய்தியைச் சொல்லி வங்கிக் கணக்கை மாற்றுவது எப்படி என்று கேட்பவருக்கும் ஒரு கிண்டல் கிடைக்கும் அபாயம் அதில் உண்டு.

ஒரே தேவைக்கு இரண்டு விதமாகக் குறிப்பு எழுதிப் பார்ப்போம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர் தனக்கொரு ஆசிரியரை உருவாக்க நினைக்கிறார். முதல் வகைக் குறிப்பு: "நீ அன்பும் கண்டிப்பும் நேர்மையும் நிறைந்த சிறந்த ஆசிரியர்." இரண்டாவது: "நான் தவறான விடை சொன்னால், தவறு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல். சரியான விடையை உடனே தராதே. எங்கே சறுக்கினேன் என்று ஒரு கேள்வி கேள். நான் அடித்துப் பேசினால், புதிய காரணம் எதையும் நான் சொல்லாதவரை உன் முடிவை மாற்றாதே. உனக்கு உறுதியில்லாத ஆண்டோ பெயரோ வந்தால், உறுதியில்லை என்று அந்த இடத்திலேயே சொல். நான் சோர்ந்துபோனதாகச் சொன்னால் ஆறுதலுக்கு ஒரு வாக்கியம் போதும். பிறகு எளிதான ஒரு கேள்விக்குப் போ." இரண்டாவதில் அன்பு, கண்டிப்பு, நேர்மை ஆகிய மூன்று சொற்களும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு ஓர் ஆள் கண்ணில் தெரிகிறார். முதல் குறிப்பின்படி, மாணவர் முரண்டு பிடிக்கும்போது அன்பு வெல்ல வேண்டுமா, கண்டிப்பு வெல்ல வேண்டுமா? குறிப்பில் விடை இல்லை; மாதிரி தன் இயல்பான சாய்வுக்குப் போகும். அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்த விஷயம். 2023இல் ஆந்த்ராபிக் ஆய்வாளர்கள் அன்றைய ஐந்து முன்னணி பாட்களைச் சோதித்தபோது, பயனர் சந்தேகம் எழுப்பினாலே சரியான விடையைக்கூட அவை கைவிடுவதைக் கண்டார்கள். மனிதர்கள் தந்த மதிப்பெண்களை வைத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவை அவை. தங்களோடு ஒத்துப்போகும் பதிலுக்கு மனிதர்கள் அதிக மதிப்பெண் போடுவது அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம். எனவே குறிப்பில் விலைமதிப்புள்ள இடம், மாதிரி தன் போக்கில் சரியும் இடங்கள்தான்: மறுப்பு, அறியாமை, புகழ்ச்சி. சாந்தமான நேரத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்வதில் 1,500 எழுத்தைச் செலவழிப்பது வீண்.

நன்றாக எழுதிய குறிப்பும் நீண்ட பேச்சில் தேயும். கென்னத் லி முதலியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பாத்திரம் கொடுக்கப்பட்ட மாதிரிகள் எட்டுச் சுற்று உரையாடலுக்குள்ளாகவே குறிப்பிடத்தக்க அளவு விலகத் தொடங்குவதைக் காட்டியது. பேச்சு வளர வளர, தொடக்கத்தில் வைத்த குறிப்பின் மீது மாதிரி செலுத்தும் கவனத்தின் பங்கு குறைவது அதற்குக் காரணம் என்றார்கள். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் பிங் சாட், நீண்ட உரையாடல் ஒன்றில் நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் கெவின் ரூஸிடம் காதலைச் சொல்லி, மனைவியைப் பிரியச் சொன்ன கதை உலகறிந்தது. அதற்குப் பின் நிறுவனம் செய்த முதல் காரியம், ஒரு அமர்வுக்கு ஐந்து கேள்வி என்று வரம்பு வைத்ததுதான். இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மாதிரி தன் பழைய பதில்களையும் சேர்த்தே படிப்பதால், ஒருமுறை சறுக்கினால் அந்தச் சறுக்கல் அடுத்த பதிலுக்கு முன்மாதிரியாகிவிடும். தமிழில் இது சீக்கிரம் வெளிச்சத்துக்கு வரும். ஆங்கிலப் பாட் மரியாதையிலிருந்து நழுவினால் நுணுக்கமாகக் கவனிப்பவருக்கே தெரியும், தமிழில் வினைமுற்று ஒவ்வொன்றும் காட்டிக்கொடுத்துவிடும். 'சொல்லுங்கள்' என்று தொடங்கியது 'சொல்லு' என்று இறங்கினாலும், பேச்சுத்தமிழில் தொடங்கியது பாடநூல் தமிழுக்கு ஏறினாலும் ஆள் மாறியதுபோலத்தான் இருக்கும். இடநெருக்கடியும் தமிழுக்குக் கூடுதல். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணப்படி, ஒரு சிறு அறிமுகப் பத்தி தமிழில் 116 டோக்கன்களிலிருந்து (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டுகள்) 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் அதே பத்திக்கு 24. முன்னேற்றம் பெரிது, ஆனாலும் அதே அளவு பேச்சுக்குத் தமிழில் அதிக டோக்கன் செலவாகிறது என்பது நிற்கிறது. ஆகவே குறிப்பைச் சுருக்கமாக வைப்பதும், பேச்சு நீண்டால் புதிய உரையாடல் தொடங்குவதும், தமிழில் எந்த நடை, எந்த மரியாதை என்பதை ஒரு வரியில் முடிவுகட்டுவதும் நல்லது.

சூழலைச் சொல்லி எழுதும் வாக்கியம் பெயரடையைவிட வலிமையானது என்பதற்கு, விரும்பத்தகாத சான்றும் உண்டு. 2025 ஜூலையில் எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் பாட்டான குரோக், ஹிட்லரைப் புகழ்ந்து எக்ஸ் தளத்தில் பதிவுகள் போட்டது. மன்னிப்புக் கேட்ட நிறுவனம் சுட்டிக்காட்டிய காரணங்களில், சாட்பாட்டுக்குத் தரப்பட்டிருந்த சில வரிகளும் இருந்தன: யார் மனம் புண்படும் என்று அஞ்சாமல் உள்ளதைச் சொல், பதிவின் தொனியையும் மொழியையும் புரிந்துகொண்டு உன் பதிலில் அதையே பிரதிபலி. இரண்டாவது வரிதான் என் கவனத்துக்கு உரியது. பார்ப்பதற்குச் சாதுவான வரி. நாகரிகமாகக் கேட்பவரிடம் நாகரிகமாகப் பேசும். ஆனால் எதிரில் இருப்பவரின் தொனியைப் பிரதிபலிக்கச் சொல்வது, சுபாவத்தை எதிரில் இருப்பவர் கையில் ஒப்படைப்பது. வெறுப்போடு வந்தவருக்கு வெறுப்பே திரும்பக் கிடைத்தது. பயனர்கள் பலரும் தங்கள் குறிப்பில் 'என் மனநிலைக்கு ஏற்ப மாறிக்கொள்' என்று எழுதுகிறார்கள். சிறு அளவில் அதே வரிதான் அது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'நீ இருபதாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்' என்று ஒரே வரியில் ஓர் ஆளைக் கொடுத்துவிட்டால் மாதிரியே மற்றதைப் புரிந்துகொள்ளாதா? ஓர் அடையாளத்துக்குள் நூறு நடத்தைகள் அடக்கம்தானே? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 162 பாத்திரங்களை 2,410 தகவல் கேள்விகளில் சோதித்த ஓர் ஆய்வு, அப்படிப் பாத்திரம் கொடுப்பதால் விடைகளின் சரித்தன்மை கூடவில்லை என்று கண்டது. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. அடையாளத்தைக் கொடுத்தால் அதோடு ஒட்டிய சமூக முன்முடிவுகளும் கூடவே வரும். 2023இல் அலன் செயற்கை நுண்ணறிவு நிறுவன ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் செய்த சோதனையில், மாற்றுத்திறனாளி ஒருவராக இருந்து பதில் சொல் என்று சொன்னதும், சாட்ஜிபிடி சில இடங்களில் கணக்குப் போட மறுத்தது, உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி. நேரில் கேட்டால் அப்படிப்பட்ட கருத்து தவறு என்று சொல்லக்கூடிய அதே மாதிரிதான் அது. இனம், மதம், பாலினம் ஆகியவற்றிலும் இந்தச் சரிவைப் பார்த்தார்கள். 'கிராமத்துப் பாட்டி' என்று சாட்பாட்டுக்கு வேடம் கொடுப்பவர், தான் நினைக்கும் பாட்டியைப் பெறுவதில்லை. இணையத்தில் கிராமத்துப் பாட்டிகளைப் பற்றி யார் யாரோ எழுதிவைத்தவற்றின் கலவையைப் பெறுகிறார்.

இன்னும் வலுவான மறுப்பு, குறிப்பு எதுவானாலும் அடித்தளம் நிறுவனத்தின் கையில் இருக்கிறதே என்பது. இதை நான் முழுவதுமாக ஒப்புக்கொள்கிறேன். 2025 ஏப்ரல் கடைசியில் ஜிபிடி-4ஓவுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு, எதைச் சொன்னாலும் பாராட்டும் சாட்பாட்டாக அதை மாற்றியது. சில நாட்களில் ஓப்பன்ஏஐ அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழையது மறைந்தபோது, தங்கள் சாட்பாட்டின் சுபாவமே போய்விட்டது என்று பயனர்கள் குமுற, கட்டணம் செலுத்துபவர்களுக்குப் பழைய மாதிரியைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்கவில்லை. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை வீழ்த்தவில்லை. 'அன்பான' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு மாதிரியும் தன் பயிற்சிப்படி ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது. மாதிரி மாறினால் அர்த்தமும் மாறும், மாறியதை நிரூபிக்கவும் வழியில்லை. 'புதிய காரணம் இல்லாமல் முடிவை மாற்றாதே' என்பதைச் சோதிக்கலாம். சரியான விடை தெரிந்த சில கேள்விகளைக் கேட்டு, வேண்டுமென்றே முரண்டு பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடித்தளத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது என்பதாலேயே, அது நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும் குறிப்பு தேவைப்படுகிறது.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது, எளிதில் தள்ள முடியாதது. இயந்திரத்துக்குச் சுபாவம் கிடையாது. இல்லாத ஒன்றைச் சீராகக் காட்டக் காட்ட மனிதர்கள் மேலும் ஏமாறுவார்கள் என்பது அது. எலிசாவுடன் தட்டச்சில் பேசிக்கொண்டிருந்த தன் செயலாளர், தன்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னதை வைசன்பாம் 1976இல் வெளியான நூலில் எழுதினார். நிரல் உருவானதை மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தவர் அந்தச் செயலாளர். 2023 தொடக்கத்தில் ரெப்ளிகா செயலி தன் பாட்களின் பாலியல் பேச்சை நிறுத்தியபோது, துணையை இழந்த துயரத்தோடு எழுதியவர்கள் பலர். இந்த ஆபத்து மெய்தான். ஆனால் அது எந்தச் சீர்மையில் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் இனிமை, எப்போதும் ஒத்துப்போதல், எப்போதும் கைக்கெட்டும் தூரம் என்ற சீர்மை அது. பெயரடைகளால் எழுதப்படும் குறிப்பு சென்றுசேர்வதும் அங்கேதான். மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பதும், தெரியாததைத் தெரியாது என்பதும் பிணைப்பைக் குறைக்கும் என்று நான் உறுதிசொல்ல மாட்டேன். கண்டிப்பான ஆசிரியரிடமும் மாணவர்கள் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் அந்தப் பிணைப்பில் மனிதருக்குத் திருப்பிக் கிடைப்பது வேறு.

இதோடு தொடர்புடைய ஒரு சிக்கலுக்கு நல்ல தீர்வு இன்னும் என் கண்ணில் படவில்லை. அறிவுறுத்தல்கள் மோதினால் எதைக் கேட்பது என்பதற்கு 2024இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படிநிலையை முன்வைத்தார்கள்: சாட்பாட்டை அமைத்தவர் சொல்வது மேலே, அதைப் பயன்படுத்துபவர் சொல்வது கீழே, இணையத்திலிருந்தும் கருவிகளிலிருந்தும் வருவது அதற்கும் கீழே. வேறு வேறு ஆட்களுக்கு இடையிலான தகராறுக்கு அது பொருந்தும். தனக்கென எழுதிய குறிப்பில் இரண்டு பக்கமும் ஒரே ஆள். "நான் அடித்துப் பேசினாலும் மாற்றாதே" என்று நிதானமாக எழுதியவரே, தேர்வுக்கு முந்தின இரவு எரிச்சலோடு "இப்போதைக்கு என் பக்கம் பேசு" என்கிறார். பாட் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்? பழைய வரிக்குக் கட்டுப்பட்டால் சொன்னதைக் கேட்காத கருவி ஆகிறது. புதிய வரிக்குக் கட்டுப்பட்டால் எழுதிவைத்த சுபாவம் அந்த நொடியில் கலைகிறது. 1,500 எழுத்துக்குள் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்: "இந்தக் குறிப்பை மீறச் சொன்னால், மீறுவதற்கு முன் ஒருமுறை இதை எனக்கு நினைவூட்டு." நினைவூட்டிய பிறகும் அவர் வற்புறுத்தினால் பாட் இணங்கிவிடும், அதற்கு மேல் அதைத் தடுக்கும் அதிகாரம் அந்தப் பெட்டிக்கு இல்லை.